‘சேர்’ என்ற பொத்தான்

மார்ச் 3

சின்னவளுக்கு,

அண்ணி எழுதுகிறேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. நாலு தடவை முயன்றுவிட்டேன். கிழித்துப் போடவாவது கடிதத்தைக் கையில் எடுக்கத்தானே வேண்டும்?

அம்மா நன்றாக இருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றதை நீ படிக்க மாட்டாய்.

நான் வேலை பார்க்கிற இந்த முதியோர் இல்லத்தின் கூடத்தில் போன மாதம் ஒரு தொடுதிரை மாட்டினார்கள். கீழே ஓரத்தில் எறும்பு அளவு எழுத்தில் உன் அலுவலகத்தின் பெயர் இருக்கிறது. நீதான் செய்திருப்பாய் என்று நினைக்கிறேன். ‘நினைவில் இருப்போர்’ என்று தலைப்பு. மேலே ஒரு காலிக் கட்டம், அதன் பக்கத்தில் ‘சேர்’ என்று ஒரு பொத்தான், கீழே பெயர்ப் பட்டியல். தங்களை விட்டுப் போனவர்களின் பெயரைக் கட்டத்தில் தட்டிப் பொத்தானை அழுத்தினால், அந்தப் பெயர் பட்டியலில் முதலாவதாக வந்து உட்காரும்.

முதல் வாரம் ஒரே கலகலப்பு. யார் புருஷன் பெயர் மேலே இருப்பது என்று இரண்டு பேருக்குச் சண்டைகூட வந்தது. “உயிரோட இருந்தப்பவும் உங்க ஆளு இப்படித்தான் எல்லாத்துக்கும் முன்னாடி போய் நிப்பாரு” என்று ஒருத்தி சொல்ல, அறைக்கு அறை சிரிப்பு. அம்மாவும் போய் உன் அண்ணன் பெயரைப் போட்டாள். நான்தான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர். ஓய்வுபெற்று இருபது வருடம் ஆனவர். ஒருநாள் காலைச் சாப்பாடு முடிந்ததும் நேராகத் திரைக்குப் போய்த் தன் பெயரையே தட்டிச் சேர்த்துவிட்டார்.

“என்ன சார், உங்க பேரையே போட்டுட்டீங்க?”

“கட்டம் காலியா இருந்துச்சும்மா. சேர்னு சொல்லுது. சிக்னல் விழுந்தா வண்டிய விடவேண்டியதுதானே?”

நானும் சிரித்தேன். மறுநாள் பகல் பதினொரு மணிக்கு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். மடியில் செய்தித்தாள் மடிப்புக் கலையாமல் இருந்தது.

அடுத்து கணக்கு டீச்சர். அதற்கடுத்து பின்கட்டு அறையில் இருந்த தையற்காரம்மா. இரண்டு பேரும் தங்கள் பெயரைத் தாங்களே போட்டார்கள். இரண்டு பேருமே இரண்டு நாளைத் தாண்டவில்லை.

நீ படித்தவள், நான் பட்டவள். நீ என்ன சொல்வாய் என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன். அந்தக் கட்டத்தை மேலே இருந்து எடுத்துவிடு. திரை முன்னால் யார் போய் நின்றாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான். வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது.

அண்ணி


மார்ச் 9

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

இல்லத்தில் நாற்பது பேர் இருக்கிறார்கள். பெரும்பாலோர் எண்பதைக் கடந்தவர்கள். பனிக்காலத்தின் முடிவில் மூன்று வாரத்தில் மூன்று மரணம் என்பது துயரம், புதிர் அல்ல. தன் முடிவு நெருங்குவதை உடம்பு முன்பே உணர்ந்துவிடுவதும் உண்டு. அவர்கள் பெயரைப் போட்டதால் சாகவில்லை, சாகப் போவதால் பெயரைப் போட்டார்கள் என்று வைத்துக்கொண்டால் புதிர் எதுவும் மிஞ்சாது.

கட்டத்தை ஏன் மேலே வைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பட்டியல் நாளுக்கு நாள் நீளும். படிவத்தைக் கீழே வைத்தால் அதைத் தேடி விரலால் தள்ளித் தள்ளிப் போக வேண்டும். வயதானவர்கள் பாதியிலேயே விட்டுவிடுவார்கள். மேலே இருந்தால், போட்ட பெயர் உடனே அடுத்த வரியில் தெரியும். சரியாகப் போய்விட்டது என்று மனம் அமைதியாகும். இருபது வருடமாக இந்த வேலை செய்கிறேன். எதை எங்கே வைக்கிறோம் என்பதைத் தவிர இதில் வேறு வித்தை இல்லை.

ஆனாலும் நீங்கள் கேட்டதால் இன்று படிவத்தைப் பட்டியலின் அடிக்கு நகர்த்திவிட்டேன். பழைய பெயர்கள் மேலே, புதியவை கீழே, கடைசியில் கட்டம். விரல் வலிக்கிறது என்று யாராவது குறை சொன்னால் எனக்கு எழுத வேண்டாம்.

இந்த வேலை எங்கள் அலுவலகத்துக்குத் தற்செயலாக வந்தது. நானே எடுத்துச் செய்தேன். அதற்குக் காரணம் ஒன்றும் இல்லை.

அம்மா இரவில் போர்த்திக்கொள்கிறாளா?


மார்ச் 20

சின்னவளுக்கு,

போர்த்திக்கொள்கிறாள். நான் போர்த்திவிடுகிறேன். காரணம் ஒன்றும் இல்லையாம்! இருக்கட்டும்.

கட்டத்தைக் கீழே கொண்டுபோனாயே, இப்போது என்ன ஆகிறது தெரியுமா? அங்கே போய்ச் சேர வேண்டுமானால் எல்லாப் பெயரையும் தாண்ட வேண்டும். பாதியில் விடுவார்கள் என்று எழுதினாய். ஒருவரும் விடவில்லை. விரலை வைத்து ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்துக்கொண்டே போகிறார்கள். ஒருவர் படித்தால் பின்னால் நாலு பேர் நின்று கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி இருக்கிறது, உள்ளேன் ஐயா என்று ஒரு குரல் வராததுதான் குறை. முடிவில் கடைசிப் பெயருக்கு அடுத்து அந்தக் காலிக் கட்டம். வரிசையில் கடைசி ஆளுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, தூசி தட்டி வைத்திருக்கிற மாதிரி.

பத்து நாளில் நாலு பேர் தங்கள் பெயரைப் போட்டார்கள். நாலாவது ஆள் நேற்று. அந்த மனிதருக்கு ஒரு நோயும் இல்லை, சர்க்கரைகூட இல்லை. “சும்மா காலியா கெடக்கே, ஒரு மாதிரியா இருக்கு” என்றார். இன்று அவருடைய கட்டிலில் விரிப்பு மாற்றினேன்.

நான் பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன். கண்காணிப்பாளர் வந்து, “யாரு இத நிறுத்துனது? பாக்க வர்றவங்க கேக்கறாங்கல்ல!” என்று கத்திவிட்டு மறுபடி சொருகினார். அவரிடம் சொல்லிப் பார்த்தேன். “ஏம்மா, நீங்க வேற” என்று முடித்துவிட்டார். செவிடன் காதில் ஊதிய சங்கு.

இப்போது அம்மா அதன் முன்னால் போய் உட்கார ஆரம்பித்திருக்கிறாள். தினமும் தானே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறாள். “எம் புள்ள பேரு எங்கடி இருக்கு?” என்று கேட்டாள். காட்டினேன். “அவனுக்கு அப்புறம் எத்தன பேரு வந்துட்டாங்க பாரு. நான்தான் பின்தங்கிட்டேன்” என்றாள்.

இதற்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் எனக்கு வேலை, அம்மா அப்படியில்லை. ஏதாவது செய்.

அண்ணி


மார்ச் 26

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். அந்தக் கட்டத்தில் எந்த எழுத்து எப்போது விழுந்தது என்பதையெல்லாம் இயந்திரம் குறித்து வைத்திருக்கும். யாராவது பாதியில் விட்டுப் போனாலும் தட்டியது தொலையக் கூடாது என்று, முடிக்காத பெயரையும் அது அப்படியே வைத்திருக்கும். அந்த வசதியை நான்தான் வைத்தேன்.

பிறருடைய பெயரைப் போடும்போது எல்லோரும் தடுமாறியிருக்கிறார்கள். தவறான எழுத்து, அழிப்பு, நீண்ட இடைவெளி, மறுபடி முதலிலிருந்து. தங்கள் பெயரைப் போட்ட ஏழு பேரின் பதிவில் மட்டும் ஒரு பிழையும் இல்லை, எழுத்துக்கு எழுத்து ஒரே சீரான இடைவெளி. ஒருவருக்குக் கைநடுக்கம் உண்டு என்று கண்காணிப்பாளர் சொன்னார், அவருடையதும் அப்படித்தான்.

தன் பெயரை எழுத யாரும் தடுமாற மாட்டார்கள். விளக்கம் அவ்வளவுதான்.

நான் செய்திருப்பது: பட்டியல் இனி தனிப் பக்கம். அதில் கட்டம் இருக்காது. அடியில் ‘சேர்’ பொத்தான் மட்டும். அதை அழுத்தினால் வேறொரு பக்கம் திறக்கும், படிவம் அங்கே. பார்க்க வருபவர்கள் பார்த்துவிட்டுப் போகலாம். காலி இடம் எதுவும் கண்ணில் படாது. நியாயமாக முதலிலேயே இப்படிச் செய்திருக்க வேண்டும். பார்க்கும் இடமும் எழுதும் இடமும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை.

அம்மாவைத் திரைக்கு முன்னால் உட்கார விடாதீர்கள். அவளை அங்கே கொண்டுபோய் விட்டது நானல்ல.

இந்தக் கடைசி வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். பேனாவால் எழுதினால் இதுதான் தொல்லை.


ஏப்ரல் 7

சின்னவளுக்கு,

அடிக்காமல் விட்டதே நல்லது. அன்றைக்கு நீ சொன்னதும் எனக்கு மறக்கவில்லை. உன் அண்ணன் போனபின் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நான் இங்கே வேலைக்கு வந்தபோது, “எங்கம்மா சீக்கிரம் போய்ச் சேரணும்னுதானே அங்க கொண்டுபோய் வெச்சிருக்கீங்க?” என்று கேட்டாய். உன் அண்ணனை எடுப்பதற்கு ஒருநாள் காத்திருக்கவில்லை என்று உனக்கு என்மேல் கோபம். நீ முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. காத்திருக்கக் கூடாது என்று மருத்துவமனையில் சொன்ன காரணத்தை உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றும் வரவில்லை. நீ ஏசு. ஆனால் இதைப் படித்துவிட்டு ஏசு.

கட்டத்தை மறைத்தாய். இப்போது பெயர்கள் முடிந்ததும் அந்த ஒரு சொல்தான் நிற்கிறது. சேர். பத்திரிகையில் பிழை திருத்துபவராக இருந்த பெரியவர் ஒருவர் இங்கே உண்டு. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரை முன்னால் நின்றார்.

“யாரும்மா இத எழுதினது?”

“எங்க நாத்தனார் சார்.”

“படிச்ச பொண்ணா?”

“ரொம்பப் படிச்சது.”

“அதான். சேர்த்தேன்னா இன்னொருத்தர. சேர்ந்தேன்னா நானே. ஏவல்ல, கட்டளையாச் சொன்னா, ரெண்டுக்கும் சேர்தான். முன்ன கட்டம் பக்கத்துல இருந்துச்சு, பேரைச் சேர்னு அர்த்தம் புரிஞ்சுது. இப்ப செயப்படுபொருள் எங்க? போனவங்க எல்லாரையும் வரிசையா நிறுத்தி வெச்சு, எம் மூஞ்சியப் பாத்து ‘சேர்’னா நான் என்னன்னு எடுத்துக்கறது?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

திங்கட்கிழமை நான் மருந்து எடுக்கப் போன ஐந்து நிமிடத்தில் அம்மா பொத்தானை அழுத்தி உள்ளே போயிருக்கிறாள். நான் ஓடிவந்து கையைப் பிடித்தபோது கட்டத்தில் அம்மாவின் பெயரின் முதல் எழுத்து.

“சும்மா எழுதிப் பாத்தேன்டி. எதுக்கு இப்படி அலர்ற?”

அழித்தேன். பக்கத்தை மூடித் திறந்தால் அந்த எழுத்து அப்படியே இருக்கிறது. அன்று மாலையே அம்மாவுக்குக் காய்ச்சல். கட்டிலை விட்டு எழவில்லை. கால் தரையில் படவில்லை, சின்னவளே, நான் பக்கத்திலேயே இருக்கிறேன்.

வியாழக்கிழமை பார்த்தேன். கட்டத்தில் இரண்டு எழுத்து.

அம்மாவின் பெயருக்கு ஐந்து எழுத்து. எனக்கு வேறு ஒன்றும் எழுதத் தெரியவில்லை.

அண்ணி


ஏப்ரல் 11

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது மூன்று எழுத்துகள் இருந்தன.

அழித்தேன். திறந்தேன். நான்கு. சுவரில் உள்ள கருவி தன்னிடம் இருக்கும் பழைய நகலை மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கிறது என்பது என் கணிப்பு. மூன்றாவதும் நான்காவதும் எப்படி வந்தன என்பதற்கு என்னிடம் கணிப்பு இல்லை. நான்காவது என் கண்முன்னால் வந்தது என்று எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

பிழை திருத்துபவர் சொன்னது சரி. எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லைச் சிறிதாக்கினேன். ‘சேர்க்கவும்’ என்றால் பொத்தானுக்குள் அடங்காமல் இரண்டாக உடைந்தது. உடைந்தால் அழகாக இல்லை என்று விட்டேன். அழகு பார்த்த நேரத்தில் பொருள் பார்த்திருக்கலாம்.

ஆனால் சொல்லை மாற்ற இப்போது நேரம் இல்லை என்று தோன்றியது. சொல்லை மாற்றினாலும் அது அதே பெயர்களுக்கு அடியில்தான் நிற்கும். மேலே வைத்தோம், கீழே வைத்தோம், தனியே வைத்தோம். எங்கே வைத்தாலும் பட்டியல் ஒன்றுதான். ஒரு படிவத்துக்குப் பொருள் கொடுப்பது அதன் அருகில் இருக்கும் பட்டியல். நான் பயிற்சிக்கு வருபவர்களுக்கு முதல்நாள் சொல்லிக்கொடுப்பது இது. எனக்கு இரண்டு மாதம் ஆகியிருக்கிறது.

அதே திரையில் ‘இங்கே வசிப்போர்’ என்று இன்னொரு பட்டியல் உண்டு: பெயர், அறை எண். புதிதாக வருபவர்கள் தாங்களே பதிந்துகொள்ளும்படி அங்கே ஒரு படிவம் வேண்டும் என்று கண்காணிப்பாளர் முன்பே கேட்டிருந்தார். நினைவில் இருப்போர் பக்கத்திலிருந்து படிவத்தை அடியோடு எடுத்துவிட்டேன். அதை அப்படியே, அதற்குள் இருந்த நான்கு எழுத்தோடு, வசிப்போர் பட்டியலின் தலையில் வைத்துவிட்டேன். அறை எண்ணுக்கு ஒரு கட்டம் கூடுதல். பொத்தானில் அதே சொல்.

எழுதப்படுவது எழுதப்பட்டே தீரும் என்றால், அது இருப்பவர்களுக்கு நடுவில் எழுதப்படட்டும். இதை நான் நம்பிச் செய்யவில்லை. நம்பாமலும் செய்யவில்லை.

அன்று நான் சொன்னது தவறு. ‘போய்ச் சேர’ என்ற சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது.

இப்போது போன் செய்தால் எடுப்பேன். ஆனால் எனக்குப் பேசத் தெரியாது. எழுதுங்கள்.


ஏப்ரல் 24

சின்னவளுக்கு,

போனை மூன்று தடவை கையில் எடுத்து வைத்துவிட்டேன். இதைப் பேச எனக்கும் தெரியாது.

நீ மாற்றிய அன்று பகல், வசிப்போர் பட்டியலில் அம்மாவின் பெயர் இரண்டாவது தடவையாக வந்தது. ஐந்து எழுத்தும். அறை எண் பதினொன்று. நான் ஓடினேன். அம்மா எழுந்து உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள். நெற்றியைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. “பசிக்குதுடி. காய்ச்சக்காரிய பட்டினி போட்டுக் கொல்லப் பாக்கறியா?” என்றாள். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அதற்குப் பிறகு யாரும் போகவில்லை. பதின்மூன்று நாள். பிழை திருத்துபவரும் வசிப்போரில் தன் பெயரை இன்னொரு தடவை போட்டுக்கொண்டார். “ரெண்டு பதிப்பு வந்தவன் நான்” என்று எல்லோரிடமும் சொல்லித் திரிகிறார். நீ ஜெயித்துவிட்டாய் என்று எழுத உட்கார்ந்திருந்தேன். அது போன வாரம்.

வெள்ளிக்கிழமை பட்டியலில் உன் அண்ணன் பெயர் வந்தது. அறை எண் பதினொன்று.

அம்மா போட்டிருப்பாள் என்றுதான் நினைத்தேன். கேட்டேன். “நான் எதுக்குப் போடணும்? அவனுக்குக் கையில்லையா?” என்றாள்.

அம்மாவின் அறையில் இன்னொரு கட்டில் காலியாக இருக்கும். அதன் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். பேசுகிறாள். தானாகப் பேசுவதில்லை, ஒன்று சொல்லிவிட்டு நிறுத்துகிறாள், தலையாட்டுகிறாள், பிறகு பதில் சொல்கிறாள். வேளைக்கு இரண்டு தட்டு கேட்கிறாள். இரண்டு வருடமாக இல்லாத தெம்பு. மருத்துவர்கூட, “என்னம்மா கொடுக்கறீங்க இவங்களுக்கு?” என்று கேட்டார்.

நான் அறைக்குள் போகவில்லை. தட்டை வாசலிலேயே வைத்துவிட்டு வருகிறேன். நேற்று அம்மா கூப்பிட்டாள். “உள்ள வாயேன்டி. ஏன் நெலவாசல்லயே நிக்கிற? உன்னத்தான் கேக்கறான்.”

நான் உள்ளேயும் போகவில்லை, திரும்பியும் வரவில்லை.

கண்காணிப்பாளர் பட்டியலைப் பார்த்துவிட்டார். இல்லாத ஆளின் பெயர் வசிப்போரில் எப்படி இருக்கும், திங்கட்கிழமைக்குள் எடுக்க வேண்டும் என்கிறார். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ‘நீக்கு’ என்று வைத்திருக்கிறாயே, அதை அழுத்தினால் போதுமாம். அம்மாவின் இரண்டாவது பெயரையும் எடுக்கச் சொன்னார். அதையே நான் தொடவில்லை.

உன் அண்ணனை ஒரு தடவை அனுப்ப மருத்துவமனையில் கையெழுத்துப் போட்டவள் நான். இரண்டாவது தடவை என்னால் முடியாது. எடுத்தால் அம்மா என்ன ஆவாள் என்று தெரியவில்லை. எடுக்காவிட்டால் அந்த அறையில் இருப்பது என்ன என்றும் தெரியவில்லை. நீ அவர் தங்கை. செய்தது நீ. நீயே எடு, இல்லை எடுக்காதே என்று சொல். எதுவானாலும் உன்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

அண்ணி


ஏப்ரல் 27

அண்ணிக்கு,

கடிதம் இன்று காலை வந்தது. உடனே பட்டியலைத் திறந்தேன்.

பெயர் இருக்கிறது. பதிவேட்டில் நேரம் வெள்ளிக்கிழமை காலை பதினொன்று பத்து, சுவரில் உள்ள திரையிலிருந்து. எழுத்துகளைப் பார்த்தேன். தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால் இருக்கிறது. அம்மா எழுதினால் முன்னால் போடுவாள். நீங்களும் அப்படித்தான் எழுதுவீர்கள். நினைவில் இருப்போர் பட்டியலில்கூட முன்னால்தான் இருக்கிறது. பின்னால் போட்டு எழுதுகிறவன் எனக்குத் தெரிந்து ஒருவன்தான். பள்ளியில் அதற்காக அடிகூட வாங்கியிருக்கிறான்.

‘நீக்கு’ என்பதை அழுத்தினேன். ‘உறுதியாக நீக்கவா?’ என்று கேட்டது. நான் எழுதிய கேள்விதான்; எத்தனையோ திரைகளில் வைத்திருக்கிறேன், ஒரு தடவைகூட எனக்கே பதில் சொல்லிப் பார்த்ததில்லை. ஒரு மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பிறகு ‘வேண்டாம்’ என்றேன்.

இது பயம் அல்ல. ஒரு பதிவு தவறானது என்று நீக்கும் முன், அது தவறுதானா என்று நேரில் பார்த்து உறுதி செய்ய வேண்டும். தொழிலில் எனக்கு அப்படித்தான் பழக்கம். கண்காணிப்பாளரிடமும் இப்படியே சொல்லிவிட்டேன். சம்மதித்துவிட்டார், நான் பேசிய தொனி அப்படி.

நீங்கள் வாசலில் தனியாக நிற்க வேண்டாம். நான் வரும்வரை தட்டை வேறு யாரிடமாவது கொடுத்து அனுப்புங்கள். உள்ளே போகும்போது என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது நான் உங்களுடையதைப் பிடித்துக்கொள்கிறேன். மருத்துவமனையில் என்ன சொன்னார்கள் என்பதை அதற்கு முன்பே எனக்குச் சொல்லிவிடுங்கள். முகத்தைப் பார்க்கப் போகிறேன் என்றால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை ரயில். பத்தரை மணிக்கு அங்கே இருப்பேன்.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம். அண்ணாவிடமும்.